நெருப்புக்காய்ச்சல் என்னும் பொய்

பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலே நான் மூன்று மாதங்கள் விரிவுரைகளுக்குச் சமுகமளிக்கவில்லை. நிருவாகத்திற்குச் சமர்ப்பிக்கப்பட்ட மருத்துவச் சான்றிதழில் நெருப்புக்காய்ச்சல் என எழுதப்பட்டிருந்தது. உண்மையில் என்னைப் பீடித்திருந்தது இருதுருவ உளநோய். அப்பொய்யை எழுதிய மருத்துவர் என்மீது இரக்கங் கொண்டவர். அதனைக் கேட்டுப் பெற்ற என் தந்தையார் என்மீது அன்பு கொண்டவர். ஐயுற்றும் வினவாது ஏற்றுக்கொண்ட அலுவலர் கண்ணியமானவர். நல்லவர் மூவர் கூடி ஒரு பொய்யைக் காக்க நேர்ந்ததெனின், பழுது அவர்களிடத்து அன்று, அவர்களை அவ்வாறு செய்வித்த சூழலிலேயே உள்ளது என்பது பெறப்படும். அச்சூழலை ஆக்குவோருள் கற்றோராகிய நாமும் அடங்குவோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உளநோய் பற்றி நம்மிடையே மூன்று நிலைப்பாடுகள் நிலவுகின்றன. மூன்றும் மறுக்கப்பட வேண்டியவை.

முதலாவது, உளநோய் மனவுறுதியின்மையே என்பது. "மனதைத் தைரியமாக வைத்திரு" என்பது இக்கூற்றின் அன்பான வடிவம். "படிக்கக் கள்ளம்" என்பது அதன் கொடிய வடிவம். நீரிழிவு நோயாளரை நோக்கி, மனவுறுதியினால் இன்சுலினைச் சுரக்குமாறு எவரும் கூறுவதில்லை. 1949 இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் இலிதியத்தின் பயனை வெளியிட்டார். 1952 இல் பாரிசிலே குளோர்புரோமசின் உளநோயாளருக்கு வழங்கப்படலாயிற்று. மருந்து எல்லார்க்கும் முழுச் சுகம் தருவதன்று. அதன் பக்கவிளைவுகளும் சிறியனவல்ல. எனினும் இந்நோய்களுக்கு உடலியல் அடிப்படையும் உண்டென்பதை அறிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலான பின்னரும் உபதேசத்தையே மருந்தாகக் கொள்வது அறியாமையன்று, பிடிவாதம்.

இரண்டாவது நிலைப்பாடு முற்போக்காளருடையது. சமுதாயமே நோயுற்றிருக்கையில் தனிமனித நோயைப் பற்றிப் பேசுவது திசைதிருப்பல் என்பர். இது பாதி உண்மை. போரும் இடப்பெயர்வும் வறுமையும் நம் மக்களின் உள்ளங்களை எவ்வாறு சிதைத்தன என்பதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட நூலிலே விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆயின் காசநோயும் வறுமையோடு பிறந்ததே. அதற்காகச் சமுதாயம் மாறும்வரை மருந்தை ஒத்திவைப்பாரில்லை. காரணம் சமுதாயத்திலிருப்பினும் உறக்கமின்றித் தவிப்பவன் தனிமனிதனே. அவனுக்கு இன்றிரவே உறக்கம் வேண்டும்.

மூன்றாவது நிலைப்பாடே மிகவும் நுட்பமானது. பேயென்றும் செய்வினையென்றும் நம்பும் பாமரரே உளநோயாளரை ஒதுக்குகின்றனர், படித்தவராகிய நாம் அவ்வாறல்லோம் என்பது அது. இங்கு ஒரு சான்றை நோக்குதல் தகும். இலங்கையில் முதன்முறையாக மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட உளப்பிளவை நோயாளரை ஐந்தாண்டுகள் வரை தொடர்ந்து ஆராய்ந்த நான்சி வக்ஸ்லர், அவர்களது நிலை கைத்தொழில் நாடுகளின் நோயாளரது நிலையினும் மேம்பட்டிருந்தமையை 1979 இல் எடுத்துக்காட்டினார். நோய் வெளியிலிருந்து வந்தது, வந்தவாறே போகும் எனக் குடும்பத்தினர் கருதினர். நோயுற்றவனின் இயல்பையே பழுதென்று கொள்ளவில்லை. தேறியதும் அவனது பழைய வேலையையும் இடத்தையும் அவனிடமே கொடுத்தனர். இதுவே அவர் தந்த விளக்கத்தின் சாரம். நாமோ பேயை நம்புவதில்லை. ஆனால் தேறி வந்தவனைப் பின்வாங்கில் இருத்தி, இனி எப்பொழுது குழம்புவானோ எனக் காத்திருக்கிறோம்.

இதனாற் பழமையைப் போற்றுகிறேன் என்று கொள்ளற்க. 2001 ஓகஸ்ட் 6 ஆம் திகதி, தமிழகத்தின் ஏர்வாடியிலே உளநோயாளரை வைத்திருந்த கொட்டிலொன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலாது மாண்டனர். இறந்தோர் தொகை 28. நம்பிக்கையின் பெயராற் பூட்டப்பட்டாலும் சங்கிலி சங்கிலியே. கிராமத்தவரிடம் நாம் கற்கவேண்டியது அவர்தம் பேயையன்று. மீண்டு வந்தவனுக்கு இடம் விடும் பண்பையே.

தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவு இந்நாட்டில் 1998 இல் நீக்கப்பட்டது. அங்கொடை மருத்துவமனை தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் மாறிற்று. நமது நாக்கு மட்டும் மாறவில்லை. அங்கொடை, மந்திகை என்னும் ஊர்ப்பெயர்கள் நம் விடுதிகளில் இன்றும் வசைச்சொற்களே. பரீட்சைக்கு முதல்நாள் "எனக்கு விசர் பிடிக்குது" எனச் சிரிப்போரிடையே, உண்மையிலேயே நோயுற்றிருக்கும் ஒருவர் தாமும் சேர்ந்து சிரிக்கவேண்டியிருக்கிறது. அச்சிரிப்பு எத்துணைக் கடினமானதென்பதை நான் அறிவேன்.

ஏற்பு என்பது சரணாகதியன்று. எனது நோய் என்னை விட்டு முற்றாக நீங்காது என்பதை ஏற்றபின்னரே மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவும், நோய் மீள்வதன் முன்னறிகுறிகளை இனங்காணவும், நண்பர் இருவரிடம் உண்மையைக் கூறவும் என்னால் இயன்றது. நம்பிக்கை என்பதும் சுகப்படுவேன் என்னும் வாக்குறுதியன்று. நோயோடு வாழ்ந்தவாறே கற்கலாம், கற்பிக்கலாம், அன்பு செய்யலாம் என்பதே அதன் பொருள். ஆயின் ஏற்பு ஒருவன் தன் அறைக்குள் தனித்திருந்து முடிக்கக்கூடிய காரியமன்று. தன்னைத் தானே ஏற்றவனைப் பிறர் ஏற்க மறுப்பின், அவன் மீண்டும் பொய்க்குள்ளேயே தள்ளப்படுவான்.

ஆகவே நாம் வேண்டுவன சில: உளநோயின் பெயரைத் தாங்கிய சான்றிதழும் நெருப்புக்காய்ச்சற் சான்றிதழைப் போன்றே மறுவினாவின்றி ஏற்கப்படல் வேண்டும், அதிலுள்ள விடயம் அலுவலகத்துக்கு வெளியே கசியலாகாது, தவறிய பரீட்சையை எழுத வருபவர் குற்றவாளிபோல் விசாரிக்கப்படலாகாது, மாணவரோடு முதலிற் பழகும் விரிவுரையாளர்கள் உளநோயின் அறிகுறிகளை அறிந்திருத்தல் வேண்டும். இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை.

எனது சான்றிதழ் பழைய கோவை ஒன்றினுள் இன்னும் இருக்கக்கூடும். அதிலுள்ள பொய்யை இங்கு திருத்தியுள்ளேன். அடுத்த ஆண்டு ஏதோவொரு மாணவி தன் நோயின் மெய்ப்பெயரைத் தாங்கிய தாளை அதே மேசையில் அச்சமின்றி வைப்பாளாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும். அவள் வைப்பதும் வைக்காததும் அவளது மனவுறுதியிற் தங்கியிருக்கவில்லை, நம்மிலேயே தங்கியுள்ளது.