சவரக்கத்தி வாங்குனா கேவலமா?

போன வாரம் கடலைக்குக் களையெடுப்பு முடிஞ்ச கையோட, திண்ணையில உக்காந்து சவரக்கத்தியைத் தோல்வார்ல இழுத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கமா வந்த பெரியப்பா முறை ஒருத்தர் நின்னு பார்த்துட்டு, "இன்னாடா, தொழில மாத்திட்டியா?"ன்னு கேட்டார். கூட வந்தவரும் சிரிச்சார். நானும் சிரிச்சு வச்சேன். ஆனா ராத்திரி படுத்தா அந்தக் கேள்விதான் காதுல நின்னுச்சு.

அவர் கேட்டது கத்தியைப் பத்தி இல்ல, சாதியைப் பத்தி. அரிவாள் தீட்டுனா விவசாயி, சவரக்கத்தி தீட்டுனா 'அந்த ஆளு'. ரெண்டும் இரும்புதானே?

கேலி பண்ண பெரியப்பா மூணு பிளேடு வச்ச ரேசர்ல சவரம் பண்றவர். அதோட தலை விலை அதிகம்னு ஒரே தலையை மூணு மாசம் ஓட்டுவார். தாடையெல்லாம் கொப்புளம். கூர் போச்சுன்னா தூக்கிப் போடற சாமான் அது. அரிவாள் மழுங்கினா குப்பையில போடறோமா? தீட்டிக்கிறோம். அந்தக் கணக்குதான் என்னை இதுல இறக்குச்சு.

மொதல்ல ஏமாந்த கதையைச் சொல்லிடறேன். போன்ல பார்த்து 600 ரூபாய்க்கு ஒரு கத்தி வரவழைச்சேன். அலகு முழுக்க அலை அலையா கோலம், பளபளன்னு கைப்பிடி. வாரக்கணக்கா தீட்டியும் ஒரு முடி அறுக்கல. கோரிமேட்டுல திண்டிவனம் ரோட்டோரமா சலூன் வச்சிருக்கிற அண்ணன்கிட்ட கொண்டு போனேன். எனக்குச் சின்ன வயசுலேருந்து முடி வெட்டறவர். கத்தியைக் கண்ணாடி மேல படுக்க வச்சு ஒரு விரலால தட்டினார். ஊஞ்சல் மாதிரி ஆடுச்சு. "தம்பி, இது கத்தி இல்ல. கத்தி மாதிரி ஒரு சாமான்"னார்.

அப்புறம் உள்ளே போய்த் துணியில சுத்தின ஒன்னை எடுத்து வந்தார். அவங்க அப்பா கத்தி. ஜெர்மனியில சோலிங்கன் ஊர்ல செஞ்சது, முத்திரை அப்படியே இருக்கு. தேய்ஞ்சு அகலம் குறைஞ்சிருக்கு, கூர் குறையல. "இப்ப கடையில இத தொடறதில்ல. ரத்தத்துல பரவுற நோய் இருக்கே, ஆளுக்கு ஆள் புது பிளேடு மாத்தறதுதான் சரி. ஆனா ஒரே ஆளு வீட்டுல வச்சுக்க இதுக்கு ஈடு கிடையாது"ன்னு சொன்னார்.

அவர் சொன்னதையும், நான் பட்டதையும் சேர்த்துச் சொல்றேன். புதுசா வாங்கறவங்க கவனிங்க.

காசைக் கத்தியில கொட்டாதீங்க, கூர்ல போடுங்க. கையில 2000 ரூபாய் இருந்தா பாதிக்கு மேல கல்லுக்கும் வாருக்கும் ஒதுக்குங்க. நான் பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல 350 ரூபாய்க்குப் பழைய கத்தி எடுத்தேன். மேலாகத் துரு இருந்தா பரவாயில்ல, கூர்ப்பக்கம் குழி விழுந்திருந்தா வேணாம். கண்ணாடி மேல வச்சா ஆடக் கூடாது. முனை உருண்டையா இருக்கட்டும். கூர்முனை காதைக் கிழிக்கும். அகலம் ரெண்டு விரல்கடைக்குள்ள, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல இருந்தா கைக்கு அடங்கும்.

அரிவாள் தீட்டற கல்லுல இதை வைக்கவே வைக்காதீங்க. 1000 நம்பர் கல்லுல கூர் கட்டணும், 6000, 8000 மாதிரி நைஸ் கல்லுல மெருகேத்தணும். கல்லுல முதுகும் கூரும் ரெண்டும் படியணும்; கோணத்தை முதுகோட கனமே பார்த்துக்கும். கல்லுல கூர் முன்னே போகணும், வார்ல முதுகு முன்னே போகணும். மாத்தி இழுத்தா வார்தான் அறுபடும். வாருக்கு நான் பழைய தோல் பெல்ட்டை வச்சிருக்கேன்.

நம்ம ஊரு கடக்காத்துக்கு எஃகு ஒரே ராத்திரியில சிவக்கும். துடைச்சு, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவி வைங்க. முதல் பத்து நாள் கன்னம் மட்டும். கை நடுங்கறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க இந்தப் பக்கமே வராதீங்க. அவ்வளவு காசும் பொறுமையும் இல்லையா, ஒரு பிளேடு மாட்டற பழைய மாடல் ரேசர் வாங்கிக்கங்க, அதுல ஒரு தப்பும் இல்ல.

இப்ப பெரியப்பா விஷயத்துக்கு வர்றேன். அண்ணன் கடையிலேருந்து நடந்தா ஜிப்மர். 1823-ல பிரெஞ்சுக்காரங்க பாண்டிச்சேரியில ஆரம்பிச்ச வைத்தியப் பள்ளிதான் அதோட வேர். அந்த பிரெஞ்சு நாட்டுல அறுவை சிகிச்சைக்குப் பேர் போன அம்புரோவாஸ் பாரே, சவரத் தொழில் பழகி வந்த ஆளு. லண்டன்ல 1540-லேருந்து 1745 வரைக்கும் நாவிதரும் அறுவை வைத்தியரும் ஒரே சங்கம். நம்ம பக்கம் மட்டும் என்ன? கட்டி கீறினது யாரு? நம்ம பாட்டிங்களுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி யாரு வீட்டுப் பொம்பளை? அந்தச் சாதிக்கே மருத்துவர்னுதானே பேரு.

ஜிப்மர்ல கத்தி பிடிக்கிறவரைப் பார்த்தா பெரியப்பா துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கிறார். ரோட்டோரம் கத்தி பிடிக்கிறவரை, தன்னைவிட வயசுல மூத்தவரை, 'வாடா போடா'ங்கிறார். ஆனா பேரனுக்கு மொட்டை போடவும், வீட்டுல சாவு விழுந்தா முதல்ல கூப்பிடவும் அவர்தான் வேணும்.

கத்தி வாங்கறவங்க வீடியோ பார்த்துக் கத்துக்கறதுக்கு முன்னாடி, உங்க ஊரு சலூன்ல மதியம் கூட்டம் இல்லாத நேரமாப் போய்க் கேளுங்க. தீட்டச் சொல்லிக் குடுத்தா கூலி குடுங்க. ஓசியில கேக்காதீங்க, அது அவங்க தலைமுறைப் படிப்பு. அண்ணன் முதல்ல காசு வேணாம்னார். "டியூஷனுக்குக் குடுக்கறோம்ல அண்ணே"ன்னேன். வாங்கிக்கிட்டார்.

பெரியப்பா இதைப் படிக்கப் போறதில்ல. அவர் பேரன் படிப்பான். தம்பி, உங்க தாத்தா கேட்ட கேள்விக்கு அன்னிக்கு நான் பதில் சொல்லாம சிரிச்சேன், அதான் தப்பு. தொழில மாத்தலப்பா. இன்னொரு தொழிலுக்கு மரியாதை குடுக்கக் கத்துக்கிட்டு இருக்கேன். அவர்கிட்ட நீயே சொல்லிடு.