காருக்குக் கறுப்புக் கண்ணாடி தேவையா?



போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கார் வந்தது. கட்டாரில் இருக்கும் மச்சான் அனுப்பிய காசும் எங்கள் லோனும் சேர்ந்த கார். 2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. பழைய கார் என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அல்ஹம்துலில்லாஹ், எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. வந்த முதல் வெள்ளிக்கிழமையே வீட்டில் ஒரு வாக்குவாதம் தொடங்கியது. கண்ணாடிக்கு டின்ட் ஒட்டுவதா, விடுவதா?

மச்சான் வட்ஸ்அப்பில் சொன்னார்: "இந்த வெயிலுக்கு டின்ட் இல்லாம புள்ளைகள எப்பிடிக் கூட்டிட்டுப் போவீங்க? நல்ல கறுப்பா ஒட்டுங்க, காசு நான் தாறன்." உம்மாவும் அதே கட்சி. பெண்பிள்ளைகள் போகிற கார், வெளியில் நிற்பவர்களுக்கு உள்ளே தெரியக் கூடாது என்பது அவருடைய நியாயம். நாங்களும் பாதி மனதோடு திருகோணமலை டவுனில் ஒரு கடைக்குப் போய் விலை கேட்டோம். கேட்டுவிட்டு ஒட்டாமல் திரும்பி வந்தோம். ஊரில் இப்போது வாகனம் வாங்குகிற எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்பதால் காரணத்தை எழுதுகிறோம்.

முதலில் வெயில். அது உண்மையான பிரச்சினை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பாடசாலை விட்டுக் காருக்குள் ஏறினால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஆனால் கடையில் தொங்கும் கறுப்பு ஸ்டிக்கர் எவ்வளவு கறுப்போ அவ்வளவு குளிர்ச்சி என்று நினைப்பது பிழை. சூரியனிலிருந்து வரும் சக்தியில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாயம் பூசிய மலிவான ஃபிலிம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் நன்றாக மறைக்கும். சூட்டில் ஒரு பகுதியைத் தானே உறிஞ்சி, கண்ணாடியைக் கொதிக்க வைத்து, அதில் கொஞ்சத்தை உள்ளேயும் விடும். செரமிக் என்று விற்கும் நல்ல ஃபிலிம் மெல்லிய நிறத்திலேயே அகச்சிவப்பைத் தடுக்கும். அதன் விலையைக் கேட்டால் எங்களுக்குத்தான் சூடு ஏறும். மலிவானது இரண்டு மூன்று வருடத்தில் ஊதா நிறமாகிக் குமிழ் விட்டு நிற்பதை மூதூர்ச் சந்தியில் பத்து நிமிடம் நின்றாலே பார்க்கலாம்.

அடுத்தது கணக்கு. படிப்பிக்கிற பழக்கம், மன்னிக்கவும். கடைக்காரர் "35 போடுங்க சேர், அளவா இருக்கும்" என்றார். 35 வீதம் கறுப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. 35 வீத ஒளிதான் உள்ளே வரும் என்று அர்த்தம். எண் குறையக் குறைய இருட்டு கூடும். கார் கம்பனியிலிருந்து வரும்போதே பக்கக் கண்ணாடி முழு ஒளியையும் விடுவதில்லை. அதில் 80 வீதம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 80இல் 35 வீதம் என்றால் 28. அதாவது நூறில் 28 பங்கு. பகலில் இது பெரிதாகத் தெரியாது. இரவில்?

இரவில் நம்ம ஏ-15 வீதியை நினைத்துப் பாருங்கள். ஈச்சிலம்பற்றிலிருந்து வெருகல் பாலம் தாண்டி வாகரைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். தெருவிளக்கு இல்லாத நீளமான துண்டுகள். வீதியில் படுத்திருக்கும் மாடு. காட்டோரமாக நிற்கும் யானை. லைற் இல்லாத சைக்கிளில் வயலிலிருந்து வரும் மனிதர். அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயப்போட்ட நெல். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் விடியப்புறமே கூட்டமாக நடந்து போகும் அடியார்கள். அவர்களில் வயதான அம்மாமார்தான் அதிகம். இவர்கள் எல்லோரும் முதலில் நம் பக்கக் கண்ணாடியின் ஓரத்தில்தான் தெரிவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் நண்பர் ஒருவரின் வேனை மஃரிபுக்குப் பிறகு நாங்கள் ஓட்டி வந்தோம். நான்கு பக்கமும் கறுப்பு. ஒரு ஒழுங்கைக்குத் திரும்பும்போது பக்கக் கண்ணாடி வழியே பார்த்தோம், ஒன்றும் இல்லை. திருப்பினோம். "டேய்!" என்று ஒரு சத்தம். பிரேக் போட்டு இறங்கினால் சைக்கிளோடு ஒரு பெரியவர், முன் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி. அவருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். எங்களுக்குத்தான் கை கால் நடுங்கியது. அவர் ஏசவில்லை. "தம்பி, நீங்க என்னப் பாக்குறீங்களா இல்லையா எண்டு எனக்குத் தெரியல்லயே, அதான் வந்துட்டன்" என்றார். ஊர் வீதியில் சைக்கிள்காரரும் நடந்து போகிறவரும் சாரதியின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த முகத்தை மறைத்தால், நம் கண்ணை மட்டுமல்ல, எதிரில் வருகிறவரின் கண்ணையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தோம்.

அதே வேனில் ஒருநாள், பல நாட்களாகப் பாடசாலைக்கு வராத ஒரு மாணவனின் வீட்டுக்குப் போனோம். வெருகல் பிரதேசத்தில் உள்ளே ஒரு கிராமம். படலைக்கு முன்னால் வேனை நிறுத்தி என்ஜினை நிற்பாட்டவில்லை, ஏசிக்காக. தாய் முற்றத்தில் நின்றார். வேனைக் கண்டதும் மகனின் தோளைப் பிடித்து வீட்டுக்குள் தள்ளினார். தான் மட்டும் வாசலில் நின்றார், கையில் விளக்குமாறோடு. நாங்கள் கண்ணாடியை இறக்கினோம். "ஐயோ, சேரா?" என்று சிரித்தார். சிரிப்பு வந்தது, முகத்தில் இரத்தம் வரவில்லை. பிறகு தேத்தண்ணி தந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கேட்கத் தேவையில்லை. 2004 ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் நடந்த சண்டையையும், 2006இல் இந்தப் பக்கம் முழுவதும் இடம்பெயர்ந்ததையும், எங்கள் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு நடந்ததையும் பார்த்த தலைமுறை இன்னும் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளை வேன் என்றால் என்ன என்று தமிழரும் அறிவார், முஸ்லிமும் அறிவார், சிங்களவரும் அறிவார். 2008, 2009 காலத்தில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட 11 பேரின் வழக்கில் நம்ம திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் பெயர் அடிபட்டதைப் பத்திரிகையில் படித்தோம். சோதனைச் சாவடியில் இரவில் உள் லைற்றைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, முகத்தைக் காட்டிப் போன பழக்கம் எங்களுக்கே இன்னும் கையில் இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு சில மாதங்கள் அதே பரிசோதனை எங்கள் சமூகத்தின் வாகனங்களுக்குத் திரும்பி வந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் யார் இருக்கிறார் என்ற பயம் ஒரு காலத்தில் எங்களுக்கு இருந்தது. அந்த வருடம் எங்களைப் பார்த்து மற்றவர்களுக்கு வந்தது. இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர்கள் நாங்கள். டின்ட் ஒட்டுகிறவர் எல்லோரும் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்தத் தாயின் படலைக்கு முன்னால் மறுபடியும் ஒரு கறுப்புக் கண்ணாடியோடு போய் நிற்க எங்களுக்கு மனமில்லை. அவ்வளவுதான்.

சட்டப் பக்கமும் கொஞ்சம். இந்தியாவில் காருக்குள் நடக்கும் குற்றங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி துணைபோகிறது என்று அவிஷேக் கோயங்கா என்பவர் வழக்குப் போட்டார். 2012 ஏப்ரலில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், ஒளி எவ்வளவு போனாலும் சரி, கண்ணாடியில் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த மே மாதம் முழுக்க வீதியோரத்தில் பொலிஸார் ஃபிலிம் உரித்தார்கள். உயர் பாதுகாப்பில் உள்ள பிரமுகர்களுக்கு மட்டும் விலக்கு. (எந்த நாட்டிலும் கடைசியில் விலக்கு அவர்களுக்குத்தான்.) பிறகு விதி திருத்தப்பட்டது. 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், முன் பின் கண்ணாடியில் 70 வீதமும் பக்கக் கண்ணாடியில் 50 வீதமும் ஒளி வருமென்றால் ஃபிலிம் ஒட்டலாம் என்றது. பிரித்தானியாவிலும் முன் பக்கக் கண்ணாடிகளில் 70 வீதம் ஒளி வர வேண்டும், பின்னால் உள்ளவற்றுக்குக் கட்டுப்பாடு இல்லை. மலேசியா 2019இல் பின் பக்கத்தை முழுக்கத் திறந்துவிட்டது. ஆனால் முன் கண்ணாடிக்கு 70, முன் பக்கங்களுக்கு 50 என்று வைத்திருக்கிறது. நாட்டுக்கு நாடு எண் மாறுகிறது. சாரதி பார்க்கும் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

நம்ம நாட்டில் 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்று பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியதைக் கழற்றச் சொன்னபோது எழுந்த சலசலப்பு உங்களுக்கு நினைவிருக்கும். கடைக்காரர் "ஒரு பிரச்சினையும் இல்ல சேர், எல்லாரும் ஒட்டுறாங்க" என்பார். நாளைக்குப் பொலிஸ் மறித்தால் அவர் வரமாட்டார். ஒட்ட நினைப்பவர்கள் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள், காப்புறுதிக் கம்பனியிலும் கேளுங்கள். பிறகு காசைக் கொடுங்கள்.

உம்மாவின் நியாயத்துக்கு வருவோம். அதை இலேசாகத் தள்ள எங்களுக்கு உரிமை இல்லை. கைக்குழந்தையோடு பயணம் போகும் தாய்க்கு ஒரு மறைப்பு வேண்டும். ஆனால் அதற்குப் பதில் சொன்னது எங்கள் வீட்டுக்காரிதான். "நாங்க உடுத்திருக்கிறது போதும் மாமி. காருக்கும் அபாயா போடணுமா?" உம்மாவே சிரித்துவிட்டார். பால் கொடுக்கும் தாய் பின் சீட்டில் இருக்கட்டும், அந்த ஜன்னலுக்குக் கழற்றி மாட்டும் வலைத்திரை போடலாம். வேலை முடிந்ததும் கழற்றலாம். சாரதிக்குப் பக்கத்துக் கண்ணாடிக்கு அந்தத் தேவையே இல்லை.

இன்னொரு விடயம், பெற்றோருக்கு. 2005இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பத்தை அளந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் ஏறியது. அதில் 80 வீதம் முதல் அரை மணித்தியாலத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய மாற்றம் இல்லை. "டின்ட் இருக்குதானே, புள்ள தூங்கட்டும், கடைக்குப் போய் ஓடி வாறன்" என்று நினைக்க வேண்டாம். கறுப்புக் கண்ணாடிக்குள் பிள்ளை மயங்கிக் கிடந்தால் பக்கத்தில் நடந்து போகிறவருக்குத் தெரியாது. தெளிந்த கண்ணாடி என்றால் யாராவது தட்டுவார்கள், உடைத்தாவது எடுப்பார்கள்.

சரி, வெயிலுக்கு என்ன செய்தோம்? பின் ஜன்னல் இரண்டுக்கும் வலைத்திரை வாங்கினோம். முன் கண்ணாடிக்கு, நிறுத்தும்போது மட்டும் வைக்கும் வெள்ளிநிற மட்டை. பாடசாலையில் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறோம், குருவி எச்சம் பரவாயில்லை. ஏறுவதற்கு முன் நான்கு கதவையும் இரண்டு நிமிடம் திறந்து விடுகிறோம். கண்ணாடி இறக்கிக் கொஞ்சத் தூரம் ஓடிய பிறகுதான் ஏசி. பின் சீட்டில் தோல் வருத்தம் உள்ள பிள்ளை இருந்தால், நிறமே இல்லாமல் புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும் ஃபிலிமும் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

மச்சானுக்கு வட்ஸ்அப்பில் விளக்கம் சொன்னோம். "அப்ப அந்தக் காசுக்கு நாலு நல்ல டயர் போடுங்க" என்றார். போட்டாயிற்று. போன செவ்வாய்க்கிழமை அந்த மாணவனின் வீட்டு வழியாக வந்தோம். தாய் படலையில் நின்றார். கார் புதிது, ஆனால் தூரத்திலேயே ஆளை அடையாளம் கண்டு கையைக் காட்டினார். மகன் இப்போது ஒழுங்காக வருகிறான், கணக்கில் மட்டும் கொஞ்சம் இழுக்கிறான்.

ஏற்கனவே ஒட்டியவர்கள் கோபிக்க வேண்டாம். இரவில் எப்படித் தெரிகிறது என்று கீழே எழுதுங்கள். உரித்தவர்கள் இருந்தால், பசை போகாமல் நிற்கும் கண்ணாடியை எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள். நண்பருடைய வேனுக்கு அது தேவைப்படுகிறது.