சீனப் பூங்கா வந்தா வடசென்னைக்கு என்ன கிடைக்கும்?

தோழர்களே, "சீனாக்காரன் வந்தா வேலை கொட்டும்"னு ஒரு கூட்டம் சொல்லுது. "சீனாக்காரனை உள்ளே விட்டா நாடே போச்சு"ன்னு இன்னொரு கூட்டம் சொல்லுது. டிவி விவாதத்தில் ரெண்டுமே நல்லா எடுபடும். ஆனா எண்ணூரில் ஐ.டி.ஐ. முடிச்சுட்டு பைக்கில் சாப்பாடு டெலிவரி பண்ற தம்பிக்கு இந்த ரெண்டு பேச்சாலயும் பத்து பைசா பயன் கிடையாது.

அந்தத் தம்பியின் பக்கம் நின்று இந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

▪️ இந்தப் பேச்சு இப்போ எதுக்கு?

2014 செப்டம்பரில் ஷி ஜின்பிங் இந்தியா வந்தார். குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் இரண்டு சீனத் தொழில் பூங்காக்கள், ஐந்தாண்டில் 2,000 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தார்கள். 2019 அக்டோபரில் நம்ம மாமல்லபுரத்துக்கே வந்து இளநீர் குடித்துவிட்டுப் போனார். ஆனால் 2000ஆம் ஆண்டிலிருந்து இருபது வருடங்களுக்கும் மேலாக சீனாவிலிருந்து நேரடி முதலீடாக வந்து சேர்ந்தது மொத்தமே சுமார் 250 கோடி டாலர்தான். 2020 ஏப்ரலில், நம்மோடு நில எல்லை உள்ள நாடுகளின் முதலீடு எதுவானாலும் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதே ஜூனில் கல்வான் மோதல். கதவு சாத்தப்பட்டது.

கதவைச் சாத்தியதால் சீனச் சரக்கு நின்றதா? இல்லை. 2024-25இல் சீனாவிலிருந்து நாம் வாங்கியது 11,300 கோடி டாலருக்கு மேல். நாம் விற்றது 1,400 கோடி டாலர் சொச்சம். பற்றாக்குறை கிட்டத்தட்ட 10,000 கோடி டாலர். அதாவது ஆலை வரவில்லை, பொருள் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பொருள் கப்பலில் வந்து இறங்கும் இடங்களில் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் உண்டு. பெட்டியை இறக்கிற ஊர் நம்ம ஊர். பெட்டிக்குள்ளே இருக்கிறதைச் செய்யுற ஊர் வேற.

இதனால்தான் 2024 ஜூலையில் மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே, "சும்மா இறக்குமதி பண்றதுக்குப் பதிலா சீன முதலீட்டை வரவழைக்கலாமே" என்ற கருத்தை வைத்தது. ஆக, என்றைக்காவது ஒரு சீனத் தொழில்நுட்பப் பூங்கா பொன்னேரிக்கோ எண்ணூருக்கோ கேட்டு வரலாம். பொன்னேரியில் மஹிந்திராவும் ஜப்பானின் சுமிட்டோமோவும் சேர்ந்து நடத்தும் தொழில் பூங்கா ஏற்கெனவே இருக்கிறது. சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தின் ஒரு முனையாகவே பொன்னேரி குறிக்கப்பட்டிருக்கிறது. வந்த பிறகு கூச்சல் போடுவதைவிட, வருவதற்கு முன்பே நம் கணக்கைப் போட்டு வைப்பது நல்லது.

▪️ முதலீடு செய்யுறவன் கண்ணில் வடசென்னை

காசு போடுகிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பார்ப்பது இவைதான்: துறைமுகம், சாலை, தண்ணீர், ஆள், நிம்மதி.

துறைமுகத்தில் நமக்கு இணை கிடையாது. 1881 முதல் இயங்கும் சென்னைத் துறைமுகம், 2001இல் திறந்த எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதை ஒட்டிக் காட்டுப்பள்ளி. இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் மூன்று துறைமுகம் எத்தனை ஊருக்கு வாய்க்கும்? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலே 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது.

சாலை? இங்கேதான் மானம் போகுது. திருவொற்றியூரிலிருந்து ஜீரோ கேட் வரைக்கும் கண்டெய்னர் லாரி வரிசையில் நிற்கிற டிரைவரைக் கேளுங்க, கதை கதையா சொல்லுவாரு. துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009இல் ஒரு பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2012இல் வேலை நின்றது. 2022இல் அதே சாலைக்கு, ஈரடுக்கு என்று மாற்றி, இன்னொரு பிரதமர் அடிக்கல் நாட்டினார். பதின்மூன்று வருஷத்தில் ரெண்டு அடிக்கல். ஒரு பெட்டி துறைமுக வாசலில் ஒரு நாள் கூடுதலாகக் காத்துக் கிடந்தால், நாம் கொடுக்கிற வரிச்சலுகை எல்லாம் டீசலில் எரிந்து போகும்.

தண்ணீரில் கொஞ்சம் நல்ல சேதி உண்டு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகள் உறிஞ்சி உறிஞ்சிக் கடல் உள்ளே வந்துவிட்டது. அந்தப் பாடத்துக்குப் பிறகு 2010இல் மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 2019இல் கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்தம் செய்து தினம் 4.5 கோடி லிட்டர் மணலி ஆலைகளுக்குத் தரும் நிலையம் வந்தது. ஆலைக்குக் கழிவுநீர், மக்களுக்குக் குடிநீர். இந்த வழிதான் சரி. புதுப் பூங்கா எது வந்தாலும் இதே விதிதான் என்று எழுதி வைக்க வேண்டும்.

▪️ முதலீட்டுச் சூழலும் சுற்றுச்சூழலும்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "சுற்றுச்சூழல் பேசுறவன் வளர்ச்சிக்கு எதிரி"ன்னு நம்ம பக்கத்திலேயே சிலர் கமெண்ட் போடுறாங்க. அவங்களுக்கு மூணு தேதி.

2009 டிசம்பர்: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழில் பகுதிகளை அளந்தது. மிகக் கடுமையாக மாசுபட்டவை என்று 43 இடங்களைச் சொன்னது. அதில் மணலி ஒன்று. அடுத்த மாதமே அந்த இடங்களில் புதுத் திட்டங்களுக்குத் தற்காலிகத் தடை விழுந்தது. முதலீட்டை அன்றைக்குத் தடுத்தது எந்தப் போராட்டமும் இல்லை. நம் காற்றே தடுத்தது.

2023 டிசம்பர் முதல் வாரம்: மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கக் கறுப்பாகப் படிந்தது. சி.பி.சி.எல். வளாகத்திலிருந்து வெளியேறியது என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. மீனவர்கள் பக்கெட்டால் எண்ணெய் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது.

அதே டிசம்பர் 26 நள்ளிரவு: பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் இருட்டில் ஓடியது. பலர் ஆஸ்பத்திரியில். ஆலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.

முதலாளி கண்ணாலேயே பாருங்க. ஒரே ராத்திரியில் மாதக்கணக்கா ஆலையை மூட வைக்கிற குழாய் இருக்கிற ஊருக்கு எவன் நம்பி வருவான்? வடசென்னையைப் பொறுத்தவரைக்கும் முதலீட்டுச் சூழலும் சுற்றுச்சூழலும் ஒண்ணேதான். எண்ணூர் குழந்தை நிம்மதியா மூச்சு விட முடியுற அன்னிக்குத்தான் எண்ணூரில் போட்ட பணத்துக்கும் பாதுகாப்பு.

▪️ சீனாவிடமே கத்துக்குவோம்

சரி, வருகிறவர்களிடம் என்ன கேட்பது? சீனா மற்றவர்களிடம் என்ன கேட்டதோ, அதையே கேட்போம்.

1980இல் ஷென்சென் சிறப்பு மண்டலம் திறந்தபோது அவர்கள் கையில் தொழில்நுட்பம் இல்லை. ஆனால் நிபந்தனை போடத் தெரிந்திருந்தது. 1994 முதல் வெளிநாட்டுக் கார் கம்பெனி எதுவும் சீன ஆலையில் 50 சதவீதத்துக்கு மேல் பங்கு வைக்கக் கூடாது என்றார்கள். உள்ளூர் கூட்டாளியோடு சேர்ந்துதான் ஆலை. 2018க்குப் பிறகு படிப்படியாகத் தளர்த்தி, பயணிகள் கார்களுக்கு 2022இல்தான் அந்த வரம்பை முழுசாக எடுத்தார்கள். அதற்குள் அவர்களுடைய பி.ஒய்.டி. உலகம் முழுக்க மின்சாரக் கார் விற்கிற கம்பெனி ஆகிவிட்டது. அந்தக் கம்பெனிக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஆலை இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சூசோ தொழில் பூங்கா கதை இன்னும் சுவாரசியம். 1994இல் சிங்கப்பூரும் சீனாவும் சேர்ந்து ஆரம்பித்தது. சிங்கப்பூர் தரப்புக்கு 65 சதவீதம். சீன அதிகாரிகள் சிங்கப்பூர் போய் நகரத் திட்டமும் நிர்வாகமும் படித்து வந்தார்கள். இன்னொரு பக்கம், உள்ளூர் நகராட்சி பக்கத்திலேயே தன் சொந்தப் பூங்காவைப் போட்டியாக நடத்தியது. 2001இல் பங்கு தலைகீழானது: சிங்கப்பூருக்கு 35, சீனாவுக்கு 65. அதற்குப் பிறகு அது சீனாவின் முன்னணிப் பூங்காக்களில் ஒன்றாக வளர்ந்தது. கூட்டாளியிடம் படித்து, தேறி, பிறகு பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

மறுபக்கம் அம்பாந்தோட்டை. சீனக் கடனில் கட்டிய துறைமுகத்தை 2017இல் இலங்கை அரசு 112 கோடி டாலருக்கு 99 வருடக் குத்தகையாகச் சீன நிறுவனத்திடம் கொடுத்தது. கூடவே 15,000 ஏக்கரில் தொழில் மண்டலம் என்றார்கள். நிலம் போகும் என்று பயந்த சிங்கள விவசாயிகள் அந்த ஜனவரியிலேயே தெருவுக்கு வந்தார்கள், போலீஸோடு மோதல் நடந்தது. "சீனா பிடுங்கிக்கிச்சு"ன்னு சொல்றது பாதிக் கதை. கையெழுத்துப் போட்டது கொழும்பு. ஊர் மக்களைக் கேட்காமல், கப்பல் வருமா என்று கணக்குப் பார்க்காமல் போட்ட கையெழுத்து.

சூசோவுக்கும் அம்பாந்தோட்டைக்கும் உள்ள வித்தியாசம் ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. பேரம் பேசத் தெரிந்த அரசுக்குப் பூங்கா கிடைக்கும். தெரியாத அரசுக்குக் குத்தகைச் சீட்டுதான் மிஞ்சும்.

▪️ பயம் நியாயமானதா?

ஒரு பங்கு நியாயம்தான். 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களுக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது, இங்கே கார் கம்பெனிகள் தவித்தன. அந்த ஜூலையில், இந்தியாவில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலைகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இயந்திரம், உதிரிபாகம், அதை ஓட்டத் தெரிந்த ஆள் மூணும் ஒரே நாட்டிலிருந்து வந்தா, அங்கே சுவிட்சை அணைச்சா இங்கே விளக்கு அணையும். துறைமுகம், மின்நிலையம், எண்ணெய் ஆலை எல்லாம் அடுக்கி வைத்திருக்கிற எண்ணூர் மாதிரி இடத்தில் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஆனால் பயம் மட்டும் கொள்கை ஆகாது. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையத்தையே எடுத்துக்குங்க. பெல் நிறுவனத்துக்கு 2014இல் ஒப்பந்தம் கிடைத்ததை எதிர்த்து, சீன நிறுவனம் அங்கம் வகித்த கூட்டமைப்பு ஒன்று நீதிமன்றம் போனது. 2016இல் உச்ச நீதிமன்றம் மின்வாரியத்தின் முடிவை ஏற்றது. சீன நிறுவனம் வரவில்லை. மின்சாரம் வந்ததா? பத்து வருடம் கடந்தும் வேலை இழுத்துக்கொண்டே போனது. ஒப்பந்தக்காரர் எந்த நாடுன்னு பார்க்கிறதோட நம்ம வேலை முடியாது. வேலை ஒழுங்கா நடக்குதான்னு மேல நின்னு பார்க்கவும் ஆள் வேணும்.

▪️ நம் கோரிக்கை

எந்த நாட்டுப் பூங்காவாக இருந்தாலும், வடசென்னைக்கு வருவதானால் இவை எழுத்தில் வேண்டும்:

1️⃣ தொழில்நுட்பம். சும்மா பாகங்களை மாட்டுற வேலை மட்டும் போதாது. எத்தனை வருடத்தில் எவ்வளவு உதிரிபாகம் இங்கேயே தயாராகும் என்று தேதியோடு சொல்ல வேண்டும். அம்பத்தூர், திருமுடிவாக்கம் சிறுதொழில் பட்டறைகளுக்கும் அதில் பங்கு வேண்டும்.

2️⃣ வேலை. வடசென்னை ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குப் பயிற்சி, நிரந்தர வேலை. "காண்ட்ராக்ட்ல வா, பார்க்கலாம்"ங்கிற கதை வேண்டாம்.

3️⃣ சங்கம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்து உருவான மெட்ராஸ் லேபர் யூனியன். வாடியாவும் திரு.வி.க.வும் நின்ற மண் இது. 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்தைப் பதிவு செய்யவே 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அந்த நிலை இங்கே வரக்கூடாது.

4️⃣ நிலம். முகத்துவாரம், உப்பங்கழி, மீனவர் பாடுபடும் நீர்நிலை எதையும் தொடக்கூடாது. மூடிக் கிடக்கும் பழைய தொழில் நிலங்கள் முதலில். 2017இல் மூடிய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடம் என்ன ஆகப் போகிறது என்பதை மக்கள் முன் வைத்துப் பேசட்டும்.

5️⃣ காற்று. ஆலை வாசலில் மாசு அளவு நேரடியாகத் தெரியும் பலகை வைக்க வேண்டும். கசிவு நடந்தா சைரன் அடிக்கணும், ஊர் கூடி ஒத்திகை பார்க்கணும், இழப்பீட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டி வைக்கணும். விபத்துக்குப் பிறகு கமிட்டி போடுகிற வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி.

6️⃣ வெளிப்படை. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் தமிழில் பொதுவில் வர வேண்டும். கருத்துக்கேட்பு திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நடக்க வேண்டும், நட்சத்திர ஹோட்டலில் நடக்கக் கூடாது.

லேலண்டும் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்.பும் இந்தக் கரையில் கால் ஊன்றியபோது வந்தது முதலீடு மட்டுமா? பிட்டர், டர்னர், வெல்டர் என்று தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில் தெரிந்த குடும்பங்கள் உருவாகின. அப்பா லேலண்ட்ல இருந்தாரு என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் தெருக்கள் இருக்கின்றன. அடுத்து வருகிற பூங்காவையும் அந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும். இருபது வருடம் கழித்து அந்தத் தெருப் பிள்ளைகள் கையில் ஒரு தொழில் இருக்குமா?

ஆம் என்று எழுதிக் கொடுத்தால், எந்த நாட்டுக்காரரானாலும் வரட்டும், பேசுவோம். எழுதிக் கொடுக்க மறுத்தால், எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் நம் பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

தோழர்களே, உங்கள் வட்டத்தில், கிளையில் இதைப் பேசுங்கள். எண்ணூர், மணலி, திருவொற்றியூர், ராயபுரம் தோழர்கள் உங்கள் பகுதியில் மூடிக் கிடக்கும் ஆலை நிலங்களைப் பற்றிக் கீழே எழுதுங்கள். தொகுத்து அடுத்த பதிவில் போடுவோம்.

#வடசென்னை #எண்ணூர் #வேலையும்_வேண்டும்_காற்றும்_வேண்டும்