நாற்பது நாள் நோன்பும் ஐம்பது நாள் விழாவும்

சாம்பல் புதனில் தொடங்கும் நாற்பது நாளைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடைப்பிடிக்கும் கண்டிப்பு வேறு எந்தப் பருவத்துக்கும் வாய்ப்பதில்லை. பல வீடுகளில் கறியும் மீனும் நின்றுவிடும். கல்யாணத் தேதிகள் தள்ளிப்போகும். குடியை விட நினைப்பவர் அந்த நாட்களில்தான் முயன்று பார்ப்பார். கத்தோலிக்க ஆலயங்களில் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் லெந்துக் கூட்டங்கள், புனித வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணிவரை ஏழு வார்த்தைகள் குறித்த தியானம் என்று வாரத்துக்கு வாரம் தீவிரம் கூடும். ஈஸ்டர் விடியலில் ஆலயம் நிரம்பி வழியும். மதியம் பிரியாணி, அதோடு எல்லாம் முடிந்தது. அடுத்த ஞாயிறு பல சபைகளில் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். ஆனால் திருச்சபையின் நாட்காட்டிப்படி அந்த ஞாயிறும் ஈஸ்டர் காலம்தான். உயிர்ப்பு விழா ஒரே நாளில் முடிவதல்ல. பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள் நீள்வது. அந்த ஐம்பது நாள் நம் கையைவிட்டு நழுவியது தற்செயல் என்று தோன்றவில்லை. நோன்பை ஒருவர் தனியாகவே இருந்துவிடலாம். விழாவுக்கு மற்றவர்கள் வேண்டும். நம் சபைகள் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

வரலாற்றுச் சான்றுகளில் முந்தி நிற்பது இந்த விழாக்காலம்தான். கி.பி. 200ஐ ஒட்டிக் கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன், ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரை நோன்பிருப்பதும் முழந்தாளிடுவதும் கூடாது என்பதைத் தம் காலத்தில் ஏற்கெனவே வேரூன்றிவிட்ட வழக்கமாகக் குறிப்பிடுகிறார். ஈஸ்டருக்கு முன் சில நாள் உபவாசம் அப்போதும் இருந்தது. ஆனால் நாற்பது நாள் தவக்காலம் ஆவணங்களில் தெளிவாகத் தலைகாட்டுவது நான்காம் நூற்றாண்டில்தான். 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் ஐந்தாம் விதி அதைப் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறது. அதே சங்கத்தின் இருபதாம் விதியோ, ஞாயிறுகளிலும் பெந்தெகொஸ்தே வரையான நாட்களிலும் எல்லாரும் நின்றபடியே ஜெபிக்க வேண்டும் என்று ஆணையிடுகிறது. புனித வெள்ளியின் மூன்று மணி நேரத் தியானம் இன்னும் பிந்தியது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டின் லிமா நகரில் இயேசு சபையினர் தொடங்கிவைத்தது. பிந்தி வந்தது என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் நாம் உயிராய்ப் பிடித்திருப்பது எது, மறந்துவிட்டது எது என்று பார்த்தால், பழைமையை விட்டுப் பிந்தியதைப் பிடித்திருக்கிறோம் என்பது தெரிகிறது.

பழைய சபைகள் அந்த ஐம்பது நாளை எதற்குப் பயன்படுத்தின என்பதற்கும் சாட்சிகள் உண்டு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண், தாம் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அடுத்து வரும் எட்டு நாளும் ஆயர் தனியாகப் பாடம் நடத்துவார். கேட்பவர்களின் ஆரவாரம் ஆலயத்துக்கு வெளியிலும் கேட்கும் என்கிறார். அதாவது ஞானஸ்நானத்தோடு படிப்பு முடியவில்லை, அதன் பிறகுதான் சபை வாழ்க்கைக்கான பாடம் தொடங்கியது. இந்த வாரங்களில் திருத்தூதர் பணிகள் நூலை வாசிப்பதும் அக்கால வழக்கம்தான். உயிர்ப்பைக் கொண்டாடும் காலத்தில் சீடர்களின் கதையை ஏன் வாசிக்க வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு யோவான் கிறிசோஸ்தோம் ஒரு பிரசங்கமே செய்திருக்கிறார். அந்தச் சீடர்கள் செய்து காட்டியவையே உயிர்ப்புக்குச் சான்று என்பது அவர் வாதம். கல்லறை காலியாயிருந்தது என்பதோடு வாதத்தை அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நடந்ததையே ஆதாரமாக எடுத்து வைக்கிறார்.

உயிர்ப்பைச் சொல்லும் நற்செய்திப் பகுதிகளும் இதே திசையில்தான் போகின்றன. மகதலா மரியாள் தோட்டத்தில் தனியாக நின்று ஆண்டவரைக் காண்கிறார்; கிடைக்கும் கட்டளையோ சகோதரரிடம் போய்ச் சொல் என்பது. எம்மாவுக்கு நடந்த இருவருக்கு அப்பம் பிட்கும் பந்தியில்தான் கண் திறக்கிறது; உடனே இரவோடு இரவாக எருசலேமுக்குத் திரும்பி மற்றவர்களோடு சேர்கிறார்கள். முதல் நாள் மாலையில் கூட்டத்தில் இல்லாத தோமாவுக்கு ஐயம் வருகிறது. எட்டாம் நாள் அதே கூட்டத்துக்குள்தான் அது தீர்கிறது. இடைப்பட்ட அந்த ஒரு வாரம், நம்பாத ஒருவரையும் தங்களோடு வைத்துக்கொண்டுதான் சீடர்கள் இருந்திருக்கிறார்கள். தனிமனித அனுபவத்துக்குப் பெரிய உதாரணமாகச் சொல்லப்படும் பவுலைப் பாருங்கள். தமஸ்கு வழியில் ஒளியைக் கண்டு விழுந்தவர், பார்வை இழந்து பிறர் கைப்பிடித்து நகருக்குள் போகிறார். அனனியா என்ற சீடர் வந்து கை வைத்த பிறகே பார்வையும் ஞானஸ்நானமும் கிடைக்கின்றன. தனியாகக் கண்ட எவரையும் தனியாகவே விட்டுவிடும் கதை இவற்றில் இல்லை.

சபையோடு வாழ்வதுதான் கடினம். திருத்தூதர் பணிகள் நூல் அதை மறைக்கவும் இல்லை. நிலத்தையும் வீட்டையும் விற்றுப் பகிர்ந்துகொண்ட அழகான காட்சிக்கு அடுத்தே, விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்த தம்பதியின் கதை வருகிறது. ஆறாம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்கு அன்றாடப் பங்கீட்டில் சோறு சரியாகக் கிடைக்கவில்லை என்ற முறுமுறுப்பு எழுகிறது. மொழியாலும் பிறப்பாலும் பிரிந்தவர்களை ஒரே பந்தியில் வைப்பது எப்படி என்பது, சபையின் தொடக்கக் காலத்திலேயே வந்த கேள்வி. தமிழ்நாட்டில் அந்தக் கேள்வி சுவராகவே நின்றிருக்கிறது. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கம் என்று இரண்டு கூடங்களாக எழுப்பப்பட்ட ஆலயத்தின் தடுப்புச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கத்தோலிக்கரைப் பிரித்த சுவரை எதிர்த்து நம் காலத்திலும் போராட்டங்கள் நடந்தன. உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் ஒரு சபை, அந்த உடல்களை மண்ணுக்குள்ளும் பிரித்து வைக்கிறது என்றால், எத்தனை வெள்ளி நோன்பிருந்தாலும் அந்த முரண் தீராது. நாற்பது நாள் ஒறுத்தலில் ஒருவர் தம் நாக்கைக் கட்டலாம், கோபத்தையும் அடக்கலாம். பக்கத்தில் யார் உட்காருவது என்பதைச் சபை கூடித்தான் தீர்க்க முடியும்.

இதற்கு எதிராக வரும் முதல் வாதம் வலுவானது. எளிய மக்களுக்கு ஆறுதல் சிலுவையிலிருந்துதான் கிடைக்கிறது. அடிபட்டவர், அவமானப்பட்டவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் எல்லாம் தங்கள் முகத்தைப் பாடுபடும் கிறிஸ்துவிடம் காண்கிறார்கள். வியாகுல மாதாவின் முன் அழும் ஒரு தாயிடம் போய் உன் பக்தி அரைகுறை என்று சொல்ல யாருக்கு உரிமை? யாருக்கும் இல்லை. ஆனால் துயரப்படும் அந்தத் தாய்க்குச் சபை என்ன தருகிறது என்று கேட்கலாம். வெள்ளிக்கிழமை அவரோடு அழுதுவிட்டுத் திங்கட்கிழமை அவரை மறந்துவிடும் சபை, சிலுவையையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. உயிர்த்தெழுந்தவர் காயங்களோடுதான் தோன்றினார் என்று நற்செய்தி சொல்கிறது. துயரத்தை மறக்கச் சொல்வதல்ல ஈஸ்டர். துயரப்பட்டவரைத் தனியாக விடாதே என்பதுதான் அதன் பொருள். எருசலேம் சபை விதவைகளுக்குச் சோறு போட ஏழு பேரை நியமித்ததும் அதனால்தான்.

இரண்டாவது வாதம் இன்று பலரும் சொல்வது. கடவுளிடம் எனக்கு நம்பிக்கை உண்டு, சபை மேல்தான் இல்லை என்பார்கள். திருமண்டலத் தேர்தல்கள், சொத்து வழக்குகள், கோஷ்டிகள், சாதிக் கணக்குகள் என்று அவர்கள் அடுக்கும் காரணங்களில் பலவற்றை மறுக்க முடியாது. வீட்டிலிருந்தே யூடியூப்பில் நல்ல பிரசங்கம் கேட்கலாமே என்பது அதன் தொடர்ச்சி. 2020 ஏப்ரல் 12 அன்று, ஊரடங்கில் வந்த ஈஸ்டரை உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் அப்படித்தான் கழித்தார்கள். நடக்க முடியாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அந்த வழி இன்றும் பெரிய உதவி. அதே அனுபவம் அதன் எல்லையையும் காட்டிவிட்டது. பிரசங்கத்தைக் கேட்க முடிந்தது, நற்கருணையைக் கையில் வாங்க முடியவில்லை. பாட முடிந்தது, இறந்தவர் வீட்டில் போய் உட்கார முடியவில்லை. சபையின் குறைகளைக் கண்டு விலகுவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அந்தக் குறைகளைத் திருத்தக்கூடியவர்களும் விலகுபவர்களில்தான் அதிகம். தேர்தலுக்கு மட்டும் வருபவர்கள் கையில் சபை சிக்கியிருப்பதற்கு, தேர்தலைத் தவிர வேறு எதற்கும் சபை கூடாததும் ஒரு காரணம்.

விழா நாளைவிட அதற்குப் பிந்திய நாட்களே சோதனை என்பதை இலங்கைத் திருச்சபை மிகக் கொடிய முறையில் அறிந்தது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீயோன் தேவாலயத்தில் பலியானவர்களில் ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் இருந்தார்கள். அடுத்த ஞாயிறு பொதுத் திருப்பலிகள் இல்லை. பேராயர் மால்கம் ரஞ்சித் தொலைக்காட்சி வழியாகத் திருப்பலி நிறைவேற்றினார். அடுத்த மாதம் நாட்டின் சில பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பழிவாங்கல் வேண்டாம் என்று திருச்சபைத் தலைவர்கள் வேண்டிக்கொண்டார்கள். இவையெல்லாம் பெந்தெகொஸ்தேக்கு முந்திய அந்த ஐம்பது நாளுக்குள் நடந்தவை. அடக்கம் செய்வது, காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்வது, அண்டை வீட்டாரை எதிரியாக எண்ணாதிருப்பது ஆகிய எதையும் தனியறை ஜெபம் மட்டும் செய்து முடிக்காது.

மூன்றாவது, நடைமுறை சார்ந்த தடை: ஏப்ரல், மே வெயில், பள்ளி விடுமுறை, நோன்புக்குப் பின் குவியும் கல்யாணங்கள், பழகிப்போனதை மாற்றவா முடியும்? கத்தோலிக்கத் திருச்சபையின் அனுபவம் முடியும் என்கிறது. ஈஸ்டர் திருவிழிப்புச் சடங்கு படிப்படியாக முன்னே தள்ளப்பட்டு, பல நூற்றாண்டுகளாகச் சனிக்கிழமை காலையிலேயே, பெரும்பாலும் மக்கள் இல்லாமலே நடந்து வந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் அதை மீண்டும் இரவில் நடத்த அனுமதித்தார். 1955 ஆணை அதைப் பொது விதியாக்கியது. இன்று தமிழ்நாட்டுப் பங்குகளில் அந்த இரவில் நிற்க இடமிருக்காது. மறந்துபோன ஒரு வழக்கம் ஒரே தலைமுறையில் மக்கள் வழக்கமானது. ஐம்பது நாளுக்கான கருவிகளும் நம்மிடம் தயாராகவே இருக்கின்றன. சிறுவர்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி இந்த வாரங்களில்தான் நடக்கிறது. பல பங்குகளில் புதுநன்மையும் இந்தக் காலத்தில்தான். எகேரியா கண்டதுபோல் அந்தப் பிள்ளைகளுக்குப் பிற்பாடமும் வைக்கலாம். வீடு வீடாகக் கூடும் அன்பியங்கள், கைப்பிடி அரிசிக் காணிக்கை, தென்மாவட்டச் சபைகளின் அசனம் என்னும் பொதுப்பந்தி என்று எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆகவே ஆயர்களும் பங்குத்தந்தையரும் சபைக் கமிட்டிகளும் வரும் ஆண்டுத் திட்டத்தை எழுதும்போது, லெந்துக் கூட்டங்களின் எண்ணிக்கையோடு நிறுத்த வேண்டாம். ஈஸ்டருக்கு அடுத்த ஏழு வாரங்களில் ஒன்றிலாவது முழுச் சபையும் சாதி, தெரு, வசதி பாராமல் ஒரே பந்தியில் உட்காரட்டும். ஏழைகளுக்கான நிதி யாருக்குப் போகிறது, யார் விடுபட்டார்கள் என்ற கணக்கைச் சபை முன் வாசிக்கட்டும். நோன்பு நாளில் வந்து பிறகு காணாமல் போனவர்களை இருவர் இருவராகப் போய்ப் பார்த்து வரட்டும். கல்லறையில் தடுப்பு இருந்தால் அதை எடுப்பதற்கான தீர்மானத்தை இந்த வாரங்களில் கொண்டுவரட்டும். தனிப்பட்ட பக்தியில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்ல என்பதை நாற்பது நாள் ஆண்டுதோறும் காட்டுகிறது. அந்தப் பக்தி மனிதர்களை ஒரே சபையாக இணைத்திருக்கிறதா என்பதை ஐம்பது நாள்தான் சொல்லும். உயிர்ப்பை நம்பாத அண்டை வீட்டாரும் சரிபார்க்கக்கூடிய சான்று அது ஒன்றுதான்.