வேலையை விடும் உரிமை

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சட்டப் புத்தகம் தந்திருக்கும் உரிமைகள் குறைவானவை அல்ல. சம்பளத்தை வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற முறையை ஐக்கிய அரபு அமீரகம் 2009-லேயே கொண்டுவந்தது. அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது என்று கத்தார் 2021 மார்ச்சிலிருந்து சொல்கிறது. வீட்டுப் பணியாளருக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒருநாள் விடுப்பு தர வேண்டும் என்று குவைத் 2015-ல் சட்டம் போட்டது. அப்படியிருந்தும் சம்பள பாக்கி, பறிக்கப்பட்ட பாஸ்போர்ட், சொன்ன வேலை ஒன்று கொடுத்த வேலை ஒன்று என்ற புகார்கள் ஓயவில்லை. அதிகாரிகளின் மெத்தனம் ஒரு காரணம்தான். ஆனால் அடிப்படைக் காரணம் வேறு: ஒரு முதலாளியை விட்டு இன்னொருவரிடம் போகும் உரிமை இல்லாதவருக்கு மற்ற எந்த உரிமையும் கைக்கு எட்டுவதில்லை.

கஃபாலா எனப்படும் ஸ்பான்சர் முறை அங்கே இயங்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். தொழிலாளி அந்நாட்டில் தங்குவதற்கான அனுமதி கஃபீல் எனப்படும் முதலாளியின் பெயரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. இகாமா எனப்படும் அந்த அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியவர் அவர். புதுப்பிக்கத் தவறினால் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆவது தொழிலாளி. சம்பளம் கேட்டு வழக்குப் போடப் போகிறார் என்று தெரிந்தால், வேலைக்கு வராமல் ஓடிவிட்டார் என்று முதலாளி ஒரு புகார் பதிந்தால் போதும். சவூதியில் ஹுரூப் என்று சொல்லப்படும் இந்தப் புகார் விழுந்தவர், நியாயம் கேட்டு நிற்க வேண்டிய இடத்தில் கைதுக்கும் நாடு கடத்தலுக்கும் அஞ்சி ஒளிய நேர்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருந்தாலும் அங்கே போகிற வழியில் வேலையும் தங்கும் அனுமதியும் ஒன்றாகப் போய்விடுமென்றால் யார்தான் போவார்? சிங்கப்பூரில் தமிழ்த் தொழிலாளர்கள் வைத்திருக்கும் ஒர்க் பெர்மிட்டும் முதலாளியோடு பிணைக்கப்பட்டதே. ஆகவே இது அரபு நாடுகளின் தனிக் குற்றமும் அல்ல.

இந்தப் பிணைப்பை அவிழ்க்க அந்நாடுகளே முயன்றிருக்கின்றன. பழைய முதலாளியின் என்.ஓ.சி. எனப்படும் ஆட்சேபனையின்மைச் சான்று இல்லாமல் வேலை மாறலாம் என்று கத்தார் 2020-ல் சட்டத்தைத் திருத்தியது. 2021 மார்ச் 14 முதல் சவூதியில், ஓராண்டு முடித்தவர் கஃபீலின் சம்மதம் இல்லாமல் வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றானது. நல்ல மாற்றங்கள், வரவேற்க வேண்டியவை. ஆனால் சவூதி தன் சீர்திருத்தத்திலிருந்து வீட்டுப் பணியாளர், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆட்டிடையர் ஆகியோரை விட்டுவிட்டது. கம்பெனி முகாமில் நூறு பேரோடு இருப்பவருக்குத் துணையாவது உண்டு. நாலு சுவருக்குள் தனியே சமைப்பவருக்கும், பாலைவனத்தில் ஆட்டுப் பட்டியோடு கிடப்பவருக்கும் முதலாளியைத் தவிர வேறு மனித முகமே தென்படாத மாதங்கள் உண்டு. வெளியேறும் உரிமை எவருக்கு எல்லாரையும்விட அவசியமோ, அவரையே சட்டம் வாசலில் நிறுத்திவிட்டது.

விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் செலவழித்தவன் ஆளை இழக்கச் சம்மதிப்பானா என்பது முதலாளிகளின் வாதம். செலவு நியாயமானதென்றால் அதை நோட்டீஸ் காலத்தாலோ, புதிய முதலாளி ஈடுகட்டுவதாலோ சரிசெய்யலாம். அதற்காக ஒரு மனிதரின் நடமாட்டத்தை அடகு பிடிக்க வேண்டியதில்லை. அனுபவமும் முதலாளிகளின் அச்சத்துக்கு மாறாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தவர் பழைய முதலாளியின் அனுமதியின்றி வேலை மாற அமீரகம் 2011-ல் வழிவிட்டது. அதன் விளைவைச் சுரேஷ் நாயுடு, யாவ் நியார்கோ, ஷிங்-யி வாங் ஆகிய பொருளியலாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் அலசினார்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவர்களின் வருமானம் உயர்ந்தது. வேலை மாறியவர்கள் கூடினார்கள். ஆனாலும் அதே கம்பெனியில் தொடர்ந்தவர்களும் கூடினார்கள், ஏனென்றால் நாட்டை விட்டே கிளம்பிப் போகிறவர்கள் குறைந்தார்கள்.

அதே ஆய்வு கசப்பான ஒன்றையும் சொல்கிறது. புதிதாக வர இருந்தவர்களுக்கான தேவை குறைந்தது, அவர்களின் சம்பளமும் இறங்கியது. அழுத்திக் கேட்டால் நம் ஆட்களுக்குப் பதில் வேறு நாட்டவரை எடுப்பார்கள் என்று இங்கே சொல்பவர்களின் கவலை அதனால் பொய்யானதல்ல. அந்தக் கவலையில்தான் இந்திய அரசு 2020-ல் வளைகுடா வேலைகளுக்கு வகுத்திருந்த குறைந்தபட்சச் சம்பளத்தைக் குறைத்தது. எதிர்ப்பு எழவே மறு ஆண்டு பழைய அளவுக்கே திரும்பியது. புதியவர்களுக்கு நேரும் இழப்பைத் தனி ஒரு நாடு முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் ஆள் அனுப்பும் நாடுகள் ஒன்றோடொன்று விலை குறைத்துக்கொள்வதை நிறுத்தி, வேலை மாறும் உரிமையைச் சேர்ந்தே கேட்டால் முதலாளி ஒதுங்க இடம் குறையும்.

இந்தியாவின் கையிலும் கருவிகள் உண்டு. 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அப்போது ஒப்பந்தம் அரசின் கண்ணில் படுகிறது. அந்த ஒப்பந்தத்தில் சம்பளத்தைப் போலவே, சம்பளம் நின்றால் வேலை மாற முதலாளி முன்கூட்டியே தரும் சம்மதத்தையும் நிபந்தனையாக்கலாம். ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்ற உச்சவரம்பையும் மெய்யாகவே அமலாக்க வேண்டும். வட்டிக்கு வாங்கி லட்சங்களைக் கொட்டிவிட்டுப் போனவருக்குக் கஃபீல் விட்டாலும் கடன் விடாது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விஷயத்திலோ நம் அரசு எடுத்த வழி, 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அனுமதியே தராமல் விடுவது. குடும்பத்தின் தேவை அந்த வயதுவரை காத்திருப்பதில்லை. சுற்றுலா விசாவில் போய் இறங்கும் பெண்ணுக்கு அரசு பார்த்த ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை, அவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று தூதரகத்துக்குத் தெரியவும் வழியில்லை.