திறந்து மூடிய லென்ஸ்



தையல், கோழி வளர்ப்பு, வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசும் நாங்கள் இம்மாதம் கமரா லென்ஸைப் பற்றிப் பேசுவது சிலருக்குப் புதுமையாக இருக்கலாம். ஆனால் சாமத்திய வீடு, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று படமெடுத்து உழைக்கும் பெண்கள் இப்போது எங்கள் மத்தியிலும் இருக்கிறார்கள். பிள்ளையின் சடங்கிற்கு உள்ளறைவரை வந்து படமெடுக்க ஒரு பெண் கிடைத்தால் தாய்மாருக்கும் ஆறுதல். 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்த பிறகு புதிய கமராச் சாமான்கள் எட்டாத விலைக்குப் போய்விட்டன. அதனால் மற்றவர் பாவித்த லென்ஸை இணையத்தில் தேடி வாங்குகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, கணவரை இழந்தவர், மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடனில் அப்படியொரு 50 மில்லிமீற்றர் கனன் லென்ஸ் வாங்கினார். கடை விலையில் பாதிகூட இல்லை. விளம்பரப் படத்தைப் பார்த்து, "புதுசு மாதிரிக் கிடக்கு, யோசிக்காமல் வாங்கும்" என்று சொன்னவள் நான்தான். கூரியரில் வந்தது. மகனின் முகத்தை நடுவில் வைத்து இரண்டு படம் எடுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு சாமத்திய வீடு. பந்தலுக்குள் வெளிச்சம் குறைவென்று லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து எடுத்தார். கமராவின் சின்னத் திரையில் பிழை தெரியவில்லை. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், குடும்பப் படங்கள் எல்லாவற்றிலும் இடது கரையில் நின்றவர்கள் மங்கிப்போயிருந்தார்கள். அம்மம்மா எப்போதும் கரையில்தானே நிற்பார்! "ஏன் பிள்ளை, அம்மாவின்ர முகம் மட்டும் புகைஞ்சு கிடக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். 2009 இடப்பெயர்வில் பழைய அல்பங்கள் எல்லாவற்றையும் இழந்த வீடு அது. தங்கச்சி கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். லென்ஸ் விற்றவரின் தொலைபேசி அதன்பிறகு வேலை செய்யவில்லை.

நகரத்தில் நெடுங்காலம் ஸ்ரூடியோ வைத்திருந்த ஒரு ஐயாவிடம் அதைக் கொண்டுபோனோம். கையில் வாங்கி ஒரு நிமிடம் ஆகவில்லை, "இது விழுந்து பிளந்து, ஆரோ வீட்டில வைச்சு ஒட்டினது" என்றார். பிளாஸ்ரிக் உடலுள்ள அந்த மாதிரி லென்ஸ் விழுந்தால் முன்பகுதி கழன்று வருவது வழக்கமாம். அமத்தினால் திரும்பப் பூட்டும், பசை வைத்தால் நிற்கும். ஆனால் உள்ளே ஆறு கண்ணாடிகள் ஒரே நேரில் இருக்கவேண்டும். ஒன்று மயிரிழை சரிந்தாலும் படத்தின் ஒரு பக்கம் தெளியும், மறுபக்கம் மங்கும்.

அவர் காட்டித் தந்தவற்றை என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் பார்க்கவேண்டியது ஸ்குறூக்களை. ஜப்பானியத் தயாரிப்புகளின் கூட்டல் அடையாள ஸ்குறூவுக்கென்று தனி முனை உண்டு. சாதாரண ஸ்குறூ றைவர் அதில் சரியாக அமராமல் வழுக்கி, அதன் வாயைத் தின்றுவிடும். ஆகவே பின்பக்கத்தில், கமராவில் பொருத்தும் வளையத்தின் ஸ்குறூக்களில் வாய் சிதைந்திருந்தால், ஒன்று குறைந்திருந்தால், ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால், பழக்கமில்லாத கை திறந்திருக்கிறது. முன்பக்கம் பெயர் எழுதிய வளையத்தின் ஓரத்தில் கீறல்கள், சுற்றியுள்ள இறப்பர் பட்டி தூக்கி நிற்பது, பொருத்தில் வெள்ளையாகக் காய்ந்த பசை ஆகியனவும் அப்படியே. மெதுவாக ஆட்டிப் பாருங்கள். சில லென்ஸ்களில் சிறு ஆட்டம் இயல்பு, ஒரு பக்கம் மட்டும் சரிவது இயல்பல்ல.

பிறகு கைத்தொலைபேசியின் ரோச் வெளிச்சத்தைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்னால் சாய்வாகப் பாருங்கள். சில தூசிகள் இருக்கும், அதற்குப் பயப்படவேண்டாம். உள் கண்ணாடியில் விரலடையாளம் இருந்தால் அது தானாகப் போயிருக்காது. எங்கள் ஈரக் காலநிலையில் சிலந்தி நூல்போலப் பங்கசு பிடிப்பதும் உண்டு. கண்ணாடிக்கு ஊதா, பச்சை என்று மினுங்கும் பூச்சு ஒன்று இருக்கிறது. பங்கசை உரசித் துடைத்தவர்கள் அதையும் சேர்த்துத் துடைத்திருந்தால், அந்த இடம் மட்டும் மினுக்கம் மாறித் தெரியும்.

இவையெல்லாம் விளம்பரப் படத்தில் வராது. விற்பவர் அழகான பக்கத்தைத்தான் போடுவார். நாங்கள்தான் கேட்கவேண்டும்: பின்பக்க ஸ்குறூக்கள் தெரியக் கிட்டத்தில் ஒரு படம், ரோச் அடித்து ஒரு படம், கிட்டவும் தூரவும் ஃபோக்கஸ் ஆகும் ஒரு வீடியோ. "நேரமில்லை" என்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை பத்திரிகைத் தாள். ஒரு முழுத்தாளைச் சுவரில் நேராக ஒட்டி, துவாரத்தை முழுதாகத் திறந்து, எதிரே நின்று எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்குங்கள். மலிவான லென்ஸில் நான்கும் கொஞ்சம் மங்கலாம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால், கமராவைத் தலைகீழாகப் பிடித்து மறுபடி எடுங்கள். முன்பு மங்கிய எழுத்துகள் தெளிந்து தாளின் மறுபக்கம் மங்கினால் குற்றம் லென்ஸில். அதே எழுத்துகளே மங்கினால் நீங்கள் சரிந்து நின்றிருக்கிறீர்கள். பிறகு எஃப் 8 இல் ஒன்று எடுங்கள். சில லென்ஸ்களில் துவாரத்தைச் சுருக்கும் தகடுகளுக்குப் போகும் மெல்லிய நாடா அறுந்திருக்கும். முழுதாகத் திறந்தால் வேலை செய்யும், சுருக்கியவுடன் கமரா பிழை காட்டும். விற்பவர் அதை மறைப்பது சுலபம்.

கூரியர் பெட்டியைத் திறக்கமுன்பே பெரும்பாலும் காசைக் கேட்பார்கள். முடிந்தவரை நேரில் வாங்குங்கள். பகலில், ஆள் நடமாட்டமுள்ள கடைத்தெருவில், துணைக்கு ஒருவருடன், உங்கள் கமராவையும் பத்திரிகைத் தாளையும் கொண்டு. முற்பணம் அனுப்பவேண்டாம். சந்தேகித்தால் விற்பவர் மனம் நோகுமே என்று எங்கள் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். கடனுக்கு வட்டி கட்டுவது அவரில்லையே.

திறந்த லென்ஸ் எல்லாம் கூடாது என்று நான் சொல்லவில்லை. தங்கச்சி இரண்டாவது லென்ஸ் தேடியபோது மூன்று பேர் அவருடைய கேள்விகளுக்குப் பதிலே போடவில்லை. நாலாமவர், "பங்கசு பிடிச்சு ஒருக்காக் கழற்றித் துடைச்சது, துண்டு இருக்கு" என்று, பழுதுபார்த்த கடையின் பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். நாங்கள் இருவரும் பஸ் ஏறிப்போய், ஒரு தேநீர்க்கடைச் சுவரில் தாளை ஒட்டிப் பார்த்தோம். கடைக்காரர் சிரித்தார். நான்கு மூலையும் ஒரே மாதிரி. விலையும் கொஞ்சம் குறைத்தார்.

பழைய லென்ஸ் இப்போது என் மேசையில் இருக்கிறது. படமெடுக்கப் பழக வரும் பிள்ளைகளிடம் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன், ஒட்டிய இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி.