மரம் இலை உதிர்த்தால் யாரும் ஏசுவதில்லை



இனிப்பு நீர், ரத்த அழுத்தம், எலிக் காய்ச்சல் என்று நோய்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இன்று நான் எழுதப்போவது ஒரு நோயைப் பற்றி அல்ல. ஒவ்வொரு பெண்ணுக்கும் வரக்கூடிய உடல் மாற்றத்தைப் பற்றி. மாதவிலக்கு நிற்கப்போகும் காலம் அது. இதை வீட்டிலும் பேசுவதில்லை, பிரட்டுக் களத்திலும் பேசுவதில்லை. "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஆண்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். முதலில் படிக்க வேண்டியவர்களே நீங்கள்தான்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் 47 வயது அக்கா ஒருவர் இருந்தார். இள வயதில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப்பழம் பொறுக்கினார், உரம் போட்டார். ஒருநாள் கிளினிக்குக்கு வந்தார். "ஐயா, தலை சுத்துது, நடந்தா மூச்சு வாங்குது" என்றார். பிரஷர் பார்த்தேன், சீனி பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. பெனடோலும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். இரண்டாம் முறை வந்தார், அதே மாத்திரை. மூன்றாம் முறையும் அதுதான்.

இடையில் மண்டோர் என்னிடம், "அந்தம்மாவுக்கு இப்பல்லாம் வேலை செய்ய நோவுது ஐயா, எம்.சி. குடுத்துப் பழக்கிடாதீங்க" என்றார். நானும் நம்பினேன்.

நான்காம் முறை அவர் நடந்து வரவில்லை. வெளிக்காட்டில் விழுந்து கிடந்தவரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. அரசாங்க மருத்துவமனையில் ரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தச் சோகை என்று கணக்கு. பாதி ரத்தத்தோடுதான் அந்த அக்கா வெயிலில் உரம் சுமந்திருக்கிறார்! ஒரு வருடமாகவே மாதத்தில் பாதி நாள் ரத்தம் போய்க்கொண்டிருந்ததாம். அதை அங்கிருந்த தாதியிடம்தான் சொல்லியிருக்கிறார்.

ரத்தம் ஏற்றிக்கொண்டு, சிகிச்சை முடிந்து திரும்பி வந்தவரிடம், "என்கிட்ட ஏன் சொல்லலக்கா?" என்று கேட்டேன். "நீங்க ஆம்பள. பின்னால வரிசையில பத்துப் பேரு நிக்கிறான். நீங்களும் கேக்கலையே ஐயா" என்றார்.

உண்மைதான். நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் மருந்துப் பெட்டியோடு வாழும் எனக்கே கேட்கத் தோன்றவில்லை என்றால், மண்டோரையும் கிராணியையும் மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

சரி, உடம்பில் என்னதான் நடக்கிறது? பெண்ணின் சினைப்பைகள் இரண்டு முக்கியமான ஹார்மோன்களைச் சுரக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்க்கும். புரோஜெஸ்டரோன் அந்த வளர்ச்சியை அடக்கி, ஒழுங்கு செய்யும். நாற்பதைத் தாண்டியதும் சில மாதங்களில் முட்டை வெளியாவதில்லை. அந்த மாதம் புரோஜெஸ்டரோன் போதிய அளவு சுரக்காது. அடக்க ஆள் இல்லாமல் சவ்வு தடித்துப்போய், பிறகு தாறுமாறாக உதிரும். தீட்டு தள்ளிப்போவதும், வந்தால் நிற்காமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான். கர்ப்பப்பைக் கட்டியாலும் அதிகமாகப் போகலாம். ஆகவே, "வயசானா இப்படித்தான்" என்று நாமே தீர்ப்புச் சொல்லக்கூடாது.

பிறகு ஈஸ்ட்ரோஜனும் குறைகிறது. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை அனல் ஏறும், வியர்த்துக் கொட்டும். இரவில் தூக்கம் கெடும். மூட்டு வலிக்கும், எரிச்சல் வரும், மறதி வரும். பெரும்பாலும் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

ஆபீசில் இருக்கும் பெண்ணுக்கு அனல் ஏறினால் விசிறியைப் போட்டுக்கொள்வார். நம் பெண்கள்? முகமூடி, கையுறை, பூட்ஸ், பிளாஸ்டிக் ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொண்டு, மருந்து பம்பை முதுகில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கழிவறை இல்லை. துணி மாற்ற மறைவிடம் இல்லை. ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். இலையுதிர் காலத்தில் பால் குறையும். அதற்காக யாராவது மரத்தைச் சோம்பேறி என்று ஏசியது உண்டா? அதன் காலம் அப்படி என்று பொறுத்துக்கொண்டோம். மரத்துக்குக் காட்டிய பொறுமையை முப்பது வருடம் உழைத்த பெண்ணுக்குக் காட்டக்கூடாதா?

"தனிச் சலுகை கேட்டா அப்புறம் பொம்பளைங்களையே வேலைக்கு எடுக்க மாட்டான். அதான் வெளிநாட்டு ஆளு இருக்கானே" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அக்காவுக்கு ஆரம்பத்திலேயே ரத்தம் சோதித்து, சில வாரம் இலேசான வேலை கொடுத்திருந்தால் போதும். அப்படிச் செய்யாததால் இரண்டு மாதம் அவர் வேலைக்கே வர முடியவில்லை. இதில் தோட்டத்துக்கு என்ன லாபம்?

சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. சேவை 2 வருடத்துக்குக் குறைவு என்றால் ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 வருடத்துக்குள் 18 நாள், 5 வருடமும் அதற்கு மேலும் 22 நாள். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறந்துவிட்டால் அனுமதியில்லாமல் வராதவர் என்று எழுதிவிடுவார்கள். அதிக ரத்தப்போக்கும் ரத்தச் சோகையும் டாக்டரிடம் காட்ட வேண்டிய நோய்தான். அதற்கு எம்.சி. கேட்பதில் வெட்கம் எதற்கு?

2023-ஆம் ஆண்டு முதல் இன்னொரு வழியும் இருக்கிறது. வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். நிர்வாகம் 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தரவேண்டும். மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். ஆனால் மருந்தடியிலிருந்து நர்சரிக்கு மாற்றும்படி கேட்பதற்கு இந்தப் பிரிவு போதாது. அதைச் சங்கக் கிளைதான் பேசி வாங்கித் தரவேண்டும்.

ஆகவே கிளைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, பெண்கள் வேலை செய்யும் வெளிக்காட்டில் தண்ணீரும் நிழலும் மறைவான கழிவறையும் வேண்டும். இரண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்தால் சம்பளம் குறையாமல் தற்காலிகமாக இலேசான வேலை வேண்டும். மூன்று, பெண்கள் கூச்சமில்லாமல் சொல்ல ஒரு பெண் பிரதிநிதி ஒவ்வொரு தோட்டத்திலும் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள்.

அக்கா தங்கைகளே, உங்களுக்கும் சில வார்த்தை. 7 நாளுக்கு மேல் ரத்தம் போனாலும், கட்டி கட்டியாகப் போனாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலும், தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் பட்டாலும் கிளினிக்குக்கு வந்துவிடுங்கள். ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் காத்திருக்கக் கூடாது. அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம், சீக்கிரம் பார்த்தால் குணப்படுத்த வழி உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். யாரோ கொடுத்த ஹார்மோன் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

வீட்டு ஆண்களே, மனைவி இரவில் எழுந்து உட்கார்ந்தால், காரணமில்லாமல் சிடுசிடுத்தால், "உனக்கு என்னா வந்துச்சு?" என்று அதட்டாதீர்கள். அதே கேள்வியை அன்பாகக் கேளுங்கள். தண்ணீர் வாளியை ஒருநாள் நீங்கள் தூக்குங்கள்.

அந்த அக்கா பிறகு நர்சரி வேலைக்கு மாறினார். இப்போது நலமாக இருக்கிறார். நாற்பது தாண்டிய எந்தப் பெண் என் ஜன்னலுக்கு வந்தாலும் இப்போதெல்லாம் உள்ளே வரச்சொல்லி, கதவைச் சாத்தி, என் வீட்டுக்காரரைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன்: "மாசம் ஒழுங்கா வருதாம்மா?" முதலில் தலையைக் குனிகிறார்கள். பிறகு சொல்கிறார்கள்.